காட்டலும் காண்டலும்

யாத்திரை என்பது காலாற் செய்யப்படுவதோ, கண்ணாற் செய்யப்படுவதோ, உளத்தாற் செய்யப்படுவதோ என ஒருவர் வினாவின், மூன்றானும் செய்யப்படுவது என்பதே விடையாகும். ஆயினும், அம்மூன்றனுள் முதன்மையுடையது யாது என்று தெளியாதார் செய்யும் யாத்திரை, எத்துணைக் காவதம் கடந்ததாயினும், புறப்பட்ட இடத்திலேயே நின்றதாய் முடியும். இது பண்டைத் தலயாத்திரைக்கு எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவு இக்காலத்திற் பெருகிவரும் அயல்நாட்டுச் சுற்றுலாவுக்கும் பொருந்தும்.

சைவப் பாடசாலை ஆசிரியர் பலர் விடுமுறைக் காலத்தில் ஒருங்கு கூடி, ஒரு வழிகாட்டியின்கீழ், பத்துப் பன்னிரண்டு நாளில் மூன்று நான்கு நாடுகளைக் கண்டு மீளுதல் இந்நாளில் அரிய செய்தியன்று. சிலாவத்துறைக் கரையில் வாழும் எம்மனோர்க்குக் கடல் கடத்தல் புதிதுமன்று. 1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே தொடங்கிய கப்பற் போக்குவரத்தால், மாலையிற் கொழும்பிற் புகைவண்டி ஏறியவர் மறுநாள் அக்கரை சேர்தல் எளிதாயிற்று. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து நடந்த கப்பலும் 1980களிற் போரால் நின்றது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கப்பெற்றது. வானூர்தி ஏறுவார்க்கோ சீயம் என முன்னாளில் வழங்கிய தாய்லாந்தும் சில மணி நேர வழியே. வழி குறுகிற்று, அதனாற் காட்சி அகன்றதோ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா.

இவ்வினாவைப் பிறரைக் குறை கூறுதற்கு யாம் எழுப்பினோமல்லோம். எம்மிடத்து நேர்ந்த இரண்டு பிழைகளே இதனை எழுதத் தூண்டின. முதற்பிழை அயல்நாட்டில் நேர்ந்தது. இரண்டாவது எம் ஊரில் நேர்ந்தது. இரண்டும் உண்மையில் ஒரே பிழை என்பது பின்னரே எமக்குப் புலனாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் குழுவொன்றுடன் யாமும் தாய்லாந்து, கம்போடியா, சாவகம் என்னும் நாடுகளுக்குச் சென்றிருந்தோம். கம்போடியாவிற் பந்தியாய் சிரே என்னும் சிவாலயம் ஒன்றுண்டு. கி.பி. 967ஆம் ஆண்டில் நிலைநிறுத்தப்பட்டது. செந்நிறக் கல்லால் ஆயது. மரத்திற் கொத்தினாற்போல நுண்ணிய வேலைப்பாடுடையது. அதன் வாயின் முகப்பொன்றிற் கூத்தப்பெருமானின் திருவடிப் பக்கத்தே வற்றி மெலிந்த பெண்ணுருவம் ஒன்று அமர்ந்திருக்கின்றது. அது காரைக்காலம்மையார் திருவுருவம் என அறிஞர் கருதுவர். அதனைக் கண்டவுடன் எம் குழுவினர் அனைவரும், ‘இது நம்முடையது, இது நம்முடையது’ என்று ஆரவாரித்தனர். அவ்வாரவாரத்துள் எம் குரலே உரத்ததாய் இருந்தது.

எமக்கு வழிகாட்டியாய் வந்தவர் அந்நாட்டவர், நடுவயதினர், அடக்கமுடையவர். ஆரவாரம் ஓய்ந்தபின் அவர் எம்மை நோக்கி, “ஐயா, இரண்டு நாளாக இக்கற்களின் வயதை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டீர்கள். இந்நாட்டவனாகிய நான் எந்த ஆண்டுகளில் வளர்ந்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை” என்றார். பின்பு, தம் தந்தையாரும் எம்மைப்போற் பள்ளியாசிரியர் என்றும், 1975ஆம் ஆண்டுக்குப் பின் ஒருநாள் அழைத்துச் செல்லப்பட்டவர் மீளவில்லை என்றும் சொல்லி, வேறொன்றுங் கூறாது வண்டியை நோக்கி நடந்தார்.

எமக்கு நாணம் உண்டாயிற்று. அந்நாட்டில் 1975 முதல் 1979 வரை நடந்த கொடுங்கோன்மையில் 15 முதல் 20 இலட்சம் மக்கள் மாண்டனர் என்பதும், கற்றவர் என்ற ஒரு குற்றத்துக்காகவே ஆசிரியர் பலர் கொல்லப்பட்டனர் என்பதும் யாம் நூலிற் படித்து அறியாதன அல்ல. தலைநகராகிய புனோம்பென்னில் உயர்நிலைப் பள்ளியொன்று அக்காலத்துச் சிறைக்கூடமாக்கப்பட்டது. வகுப்பறைகள் செங்கற் சுவரெழுப்பிச் சிற்றறைகளாக அடைக்கப்பட்டன. 12,000க்கு மேற்பட்டோர் அங்கே அடைபட்டனர். உயிரோடு மீண்டோர் மிகச் சிலர். இன்று அது துவோல் சிலேங் என்னும் பெயரில் நினைவுச்சாலையாய் இருக்கின்றது. எம் பயண நிரலில் அவ்விடம் முதற்கண் இருந்தது. ‘விடுமுறையில் வந்தோம், துன்பக் காட்சி வேண்டா’ என்று நாங்களே சொல்லி நீக்குவித்து, அப்பொழுதைக் கடைவீதிக்கு ஒதுக்கினோம். பள்ளியாசிரியர் முப்பதின்மர், சிறையாக்கப்பட்ட ஒரு பள்ளியைக் காண மறுத்துப் பட்டுத்துணி விலை பேசினோம் என்க.

இனி, இப்பிழையின் இயல்பை ஆராய்வாம். காண்டல் என்பது யாது? கண் தானே காணாது. உயிர் நின்று காட்டினாலன்றி அதற்குக் காட்சியில்லை. உயிரும் தானே காணாது. இறைவன் காட்டினாலன்றி அதற்கு அறிவில்லை. அவ்வாறு காட்டும் இறைவன் காட்டியமைந்து ஒழியாது, உயிரோடு உடனின்று தானும் காண்கின்றான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இவ்விரண்டையும் எம் ஆசிரியர் பிரித்தோதினர். மெய்கண்டதேவர் சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரத்தில் இதனை நிறுவினார் என்பது ஆசிரியப் பெருமக்கள் அறிந்ததே. வீடுபேற்றின்கண் வைத்துக் கூறப்பட்ட இவ்வுண்மை, வழிகாட்டுதல் என்னும் எளிய தொழிலுக்கும் அளவுகோலாகின்றது. தெருமுனையில் நிற்குங் கைகாட்டி மரம் வழியைக் காட்டும், தான் காணாது. காட்டுவோன் தானும் உடன்காணானாயின் அம்மரத்தின் வேறாகான். அவ்வழிகாட்டி எமக்குக் கல்லைக் காட்டினார். தம் நெஞ்சையும் காட்ட ஆயத்தமாயிருந்தார். யாமோ காட்டியதிற் பாதியைக் கண்டு பாதியைத் தள்ளினோம். யாம் கண்ட பாதியும் எம்மையே கண்டதன்றிப் பிறிதன்று.

ஈண்டு ஒரு தடை எழும். ‘முன்னோர் பெருமையை அயல்நாட்டிற் கண்டு மகிழ்தலும் பிழையோ? தாய்லாந்தின் மேற்குக்கரையில் தகுவாபா என்னுமிடத்துக் கி.பி. 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. அவனிநாரணம் என்னும் குளத்தை மணிக்கிராமத்தார் காவலில் வைத்த செய்தியை அது கூறுகின்றது. சுமத்திராவிற் பாரூசு என்னும் துறையில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. சீனத்துச் சுவான்சௌ நகரில் 1281ஆம் ஆண்டிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, அந்நாட்டரசன் நலங்கருதிச் சிவபெருமானை எழுந்தருளுவித்த செய்தியைத் தமிழிற் சொல்கின்றது. இவற்றைக் கண்டு நம்முடையன என்று கூறாது பிறருடையன என்றா கூறுவது?’ என்பர்.

தக்க தடையே. விடை நம் இலக்கணத்திலேயே இருக்கின்றது. ‘என் நிலம்’ என்பதும் ‘என் தாய்’ என்பதும் ஆறாம் வேற்றுமைத் தொகையே. ஆயினும் இரண்டின் பொருளும் ஒன்றோ? நிலத்துக்கு யான் உடையவன். அதனை விற்கவும் வேலியிடவும் பிறரை வெளியேற்றவும் எனக்கு உரிமையுண்டு. தாய்க்கு யான் உடையவன் அல்லேன், அவளுக்குக் கடமைப்பட்டவன். அவள் எனக்குத் தாயாதல்போல என் உடன்பிறந்தார்க்கும் தாயே. அதனால் என் தாய்மை உறவு குறைவதுமில்லை. ‘நம்முடையது’ என்னும் சொல் இவ்விரு பொருளில் எதனைக் குறித்து எழுகின்றது என்பதே வினா. உறவு குறித்து எழுவதாயின் அது நன்றியாய் விளையும். உடைமை குறித்து எழுவதாயின் அது மமகாரம், ஆணவத்தின் பிள்ளை.

இவ்விரண்டற்கும் எடுத்துக்காட்டு அவ்வயல்நாடுகளிலேயே உண்டு. 1923ஆம் ஆண்டில் அந்திரே மல்றோ என்னும் பிரெஞ்சு இளைஞர் இதே பந்தியாய் சிரேக் கோயிலிற் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துச் சென்று, புனோம்பென்னிற் பிடிபட்டுத் தண்டனை பெற்றார். அவரே பின்னாளிற் பிரான்சு நாட்டின் பண்பாட்டு அமைச்சராயினார். அழகை அறியாதவர் அல்லர்; அறிந்தமையாலேயே எடுத்தார். உடைமை குறித்த காதலின் முடிபு அதுவாம். மற்றொரு பக்கம், பாங்கொக் நகரத்து அரண்மனைப் பிராமணர் மார்கழித் திருவிழாவிலே திருவெம்பாவையை இன்னும் ஓதி வருகின்றனர். நெடுங்காலம் ஏட்டிற் காத்து, ஒலி திரிந்து, பொருளும் மறந்துபோன பின்னரும் அவர்கள் அதனைக் கைவிட்டிலர். அத்திருவிழாவோடு நடந்த பெரிய ஊஞ்சற் சடங்கு 1935ஆம் ஆண்டோடு நின்றது, ஓதுதல் நின்றிலது. பொருள் தெரிந்த நம்முள் எத்துணைப்பேர் மார்கழி வைகறையில் அதனை ஓதுகின்றோம்? அவர்களிடம் சென்று ‘இது நம்முடையது’ என்று உரிமை கொண்டாடுவதோ, ‘எம் பொருளை எமக்காகவும் காத்தீர்’ என்று கைகூப்புவதோ, எது முறை?

சாவகத்துப் பிரம்பானன் கோயிலையும் நோக்குக. 9ஆம் நூற்றாண்டிற் சிவபெருமானுக்கு எடுக்கப்பட்ட விமானம் இன்றும் விண்ணளாவி நிற்கின்றது. 2006ஆம் ஆண்டு மே மாதத்து நிலநடுக்கத்தில் அது சிதைவுற்றது. அந்நாட்டார் மீண்டும் செப்பனிட்டனர். அதன் முன்றிலில் 1961ஆம் ஆண்டுமுதல் இராமகாதை நடனமாக நிகழ்ந்து வருகின்றது. அதனைப் பேணும் நாட்டாருட் பெரும்பாலார் இசுலாம் சமயத்தார். தம் வழிபாட்டுக்கு உரியதன்று என்று அவர்கள் அதனைச் சிதையவிட்டிலர். தம் முன்னோர் கைத்தொழில் என்று போற்றுகின்றனர். யாம் இதனை அங்கே வியந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். அவ்வியப்பு எம் ஊரில் எமக்கு ஒரு வினாவாய் மாறிக் காத்திருந்ததை அப்பொழுது அறிந்திலோம்.

இனி இரண்டாம் பிழை. யாம் மீண்ட மறு ஆண்டில், பிறநாடுகளில் வாழுந் தமிழன்பர் சிலர், தென்னிந்தியாவும் இலங்கையும் சேர்ந்த ஒரு சுற்றுலாவில் எம் கரைக்கு வந்தனர். ஊரைக் காட்டுமாறு எம்மை வேண்டினர். அயல்நாட்டிற் காண்போனாய் இருந்த யாம் இப்பொழுது காட்டுவோனாயினோம்.

காட்டுதற்குரியன எம் கரையிற் குறைவோ? முதலில் வடக்கே மாதோட்டத்துக்கு அழைத்துச் சென்றோம். பாலாவிக் கரையிலுள்ள திருக்கேதீச்சரத்தைத் தரிசித்தோம். மாந்தை மேட்டில் 1980 முதல் 1984 வரை நிகழ்ந்த அகழ்வில் சீனத்துப் பீங்கானும் மேலை ஆசியாவின் மெருகிட்ட மட்கலமும் ஒருங்கே கிடைத்த செய்தியைச் சொன்னோம். சோழர் அதிகாரி ஒருவன் அவ்வூரில் இராசராசேச்சுரம் எடுப்பித்துக் கல்வெட்டுப் பொறித்ததைச் சொன்னோம். பறங்கியர் பழைய ஆலயத்தை இடித்ததையும், அவர் 1560ஆம் ஆண்டில் எடுத்த மன்னார்க் கோட்டைக்கு அக்கற்கள் சென்றன என்னும் வழக்கையும், 1872ஆம் ஆண்டில் நாவலர் பெருமான் அவ்வாலயத்தை மீட்க வேண்டி எழுதியதையும், 1976ஆம் ஆண்டிலும் 2022ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த குடமுழுக்குகளையும் விரித்துரைத்தோம். பறங்கியர் இடித்ததைச் சொல்லும்போது எம் குரல் தழுதழுத்தது. கேட்டோர் கண்ணும் கலங்கின.

பின்பு சிலாவத்துறைக்கு மீண்டு கடற்கரையில் நின்றோம். சலாபம் என்பது முத்துக்குளிப்பின் பெயர். இவ்வூர்ப் பெயரில் அச்சொல்லே ஒலிக்கின்றது என்பர். எதிரே கடலடியிற் சிப்பிப் பார்கள் கிடக்கின்றன. குளிப்புக் காலம் வந்தால், மரமுஞ் செடியும் அரிதாகிய இம்மணற்பரப்பிற் சில கிழமைக்குள் ஒரு நகரம் எழும், பல்லாயிரவர் கூடுவர். தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முசுலிம்கள், பாரசீகக் குடாவின் அராபியர், செட்டிமார், பம்பாய் வணிகர் என அயல்நாடுகள் எல்லாம் தாமே இக்கரைக்கு வந்தன. காலிற் கல்லைக் கட்டிய கயிற்றைப் பற்றி ஒருவன் ஆழத்துக்கு இறங்குவான்; மூச்சடங்குமளவுஞ் சிப்பியை வாரிக் கூடையில் இடுவான்; கயிற்றை அசைப்பான்; மேலே தோணியில் நிற்போன் இழுத்தெடுப்பான். குளித்தவன் எடுத்த சிப்பியில் மூன்றிலிரு பங்கு அரசினர்க்கு; ஒரு பங்கே அவனுக்கு. ஏலத்தில் வாங்கிய சிப்பியை வணிகர் கொட்டுகளிற் குவித்து அழுகவிட்டுக் கழுவி முத்தெடுப்பர். அந்நாற்றத்தினூடே முத்து மட்டும் வெண்மையாய் வெளிப்போந்து, பெருநகரத்து மாதர் கழுத்தை அடையும். 1906ஆம் ஆண்டில் இம்முத்துக்குளிப்பு இலண்டன் நகரத்துக் கம்பெனியொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. அடுத்த ஆண்டுக்குப் பின் பார்கள் பொய்த்தன. நகரமும் எழாது ஒழிந்தது.

அண்டையிலுள்ள அரிப்பிற் கடலரித்து வீழ்ந்துகொண்டிருக்கும் மாளிகையையும் காட்டினோம். முதல் ஆங்கிலத் தேசாதிபதியாகிய பிரெடெரிக் நோர்த்து என்பார் முத்துக்குளிப்பைப் பார்வையிடும் பொருட்டு 1801க்கும் 1804க்கும் இடையிற் கட்டுவித்தது அது. ஊர் மக்கள் அதனை அல்லிராணி கோட்டை என்பர். தேசாதிபதியின் பெயரை ஊர் மறந்தது. கதையில் வாழ்ந்த அரசியைக் கொண்டுவந்து அவள் கையில் மாளிகையை ஒப்புவித்தது. வந்தோர் இதனைக் கேட்டு நகைத்து மகிழ்ந்தனர். எம் வழிகாட்டுதல் இனிதே முடிந்தது என்று எண்ணினோம்.

எம் பேச்சு முழுவதையும் அயலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் எம் ஊர் முசுலிம் முதியவர் ஒருவர். வந்தோர்க்கு இளநீர் வெட்டிக் கொடுத்து உபசரித்தவரும் அவரே. வண்டி புறப்பட்டபின் அவர் எம் அருகே வந்து, “மாஸ்டர், ஆயிரம் ஆண்டுக் கதையெல்லாஞ் சொன்னீர்கள், எங்கள் கதையை மட்டும் விட்டுவிட்டீர்கள்” என்றார். சினமில்லை, குறை கூறும் குரலுமில்லை. கம்போடியாவிற் கேட்ட சொல்லையே எம் ஊரிற் கேட்டோம்.

அவர் குறித்த கதை இது. 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடமாகாணத்து முசுலிம் மக்கள் அனைவரும் சில நாளில் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் தொகை 70,000க்கு மேற்படும் என்பர். மன்னார்ப் பகுதியிலிருந்து பலர் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் சென்றனர். கையிற் கொண்டுபோகக் கூடியதன்றி மற்றெல்லாவற்றையும் விட்டுச் சென்றனர். இருபது ஆண்டு ஓலைக்குடிசையிற் கழித்து மீண்டோர், தம் வீடிருந்த இடத்திற் காடு வளர்ந்திருக்கக் கண்டனர். அவ்வெளியேற்றத்தைச் செய்தவர் தமிழர்; பேசிய மொழி தமிழ். வெளியேறியவர் பேசியதும் தமிழே.

யாம் ஏன் அதனைக் கூறாது விட்டோம்? மறந்தோமல்லோம். வந்தோர் மனம் மகிழ வேண்டும் என்று கருதினோம் என எமக்கே ஓர் அமைதி கூறிக்கொண்டோம். அது பொய். இடித்தவர் பிறராயின் உரக்கக் கூறுகின்றோம். இடித்தவர் நம்மவராயின் குரலைத் தாழ்த்துகின்றோம், அல்லது வாய் மூடுகின்றோம். இதற்கு இக்கரையின் பழைய சரித்திரமே சான்று. 1544ஆம் ஆண்டில், புதிதாகக் கிறித்தவராய் மாறிய மன்னார்த் தீவினர் ஏறத்தாழ 600 பேர் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். அவர்களைக் கத்தோலிக்க அயலவர் இன்றும் நினைவு கூர்கின்றனர். சைவராகிய நாம் நம் ஆலயம் இடிந்ததை நினைவு கூர்கின்றோம். முசுலிம்கள் 1990ஆம் ஆண்டை நினைவு கூர்கின்றனர். ஒரு கரையில் மூவர் மூன்று துயரங்களைத் தனித்தனியே மடியிற் கட்டிக்கொண்டிருக்கின்றனர். ஒருவர் துயரை மற்றவர் கண்டிலர். யாத்திரிகனுக்கு எதனைக் காட்டுவது என்பது ஈண்டு வெறும் பயண ஏற்பாடன்று, அறத்தின் வினா.

‘இளம்பிள்ளைகளுக்கும் விருந்தினர்க்கும் இவற்றைக் கூறின் பகை வளராதோ?’ என்பது அடுத்த தடை. பழி சுமத்துதற்குக் கூறின் வளரும். உடன் வருந்துதற்குக் கூறின் வளராது. பிறர் செய்த தீங்கை மட்டும் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியன் பகையை வளர்க்கின்றான். தன்னவர் செய்த தீங்கையுஞ் சேர்த்துச் சொல்பவன் அறத்தை வளர்க்கின்றான். மறைப்பதனாலோ எனின், புண்ணை மூடிக் கட்டியவன் நோயை ஆற்றியவனாகான். பேருண்மை ஒன்றுண்டு: போர்க்காலத்தில் நம் திருக்கேதீச்சரமும் அடியார் செல்லவொண்ணாது பல ஆண்டு கிடந்தது. தன் கோயில் வாயில் அடைக்கப்பட்ட நோவை அறிந்த ஒருவன், அயலவன் பள்ளிவாசல் ஆளின்றிக் கிடந்த நோவை உணரானாயின், தன் நோவாற் பெற்ற பயன்தான் என்னை?

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது நம் சித்தாந்தம். படிகம் செம்மலரைச் சார்ந்துழிச் சிவக்கும். கருமலரைச் சார்ந்துழிக் கறுக்கும். சுற்றுலாவிற் கடைவீதியையே சார்ந்திருந்தவன் கடைவீதியின் நிறங்கொண்டு மீள்வான். முன்னோர் புகழையே சார்ந்திருந்தவன் செருக்கின் நிறங்கொண்டு மீள்வான். அந்நாட்டு மக்களின் இன்பதுன்பங்களைச் சார்ந்திருந்தவனோ சற்றே அகன்ற உயிரினனாய் மீள்வான். நாடு பல காண்டலின் பயன் இதுவன்றி வேறில்லை.

‘ஊதியஞ் சிறிதாகிய ஆசிரியன் நாடு பல செல்வதெங்ஙனம்?’ எனின், அவனுக்கும் இது கூடாததன்று. திருஞானசம்பந்தப் பெருமான் இராமேசுவரத்தில் நின்றருளியே, கடலுக்கிப்பாலுள்ள திருக்கேதீச்சரத்தையும் திருக்கோணமலையையும் பாடினார் எனப் பெரியபுராணம் கூறும். சுந்தரமூர்த்தி நாயனாரும் அவ்வாறே அக்கரையிலிருந்து கேதீச்சரத்தைப் பாடினார். அவர்கள் மரக்கலம் ஏறிலர்; இக்கரை மண்ணை மிதித்திலர். ஆயினும் நாம் இன்று எம் தலத்தை அவர்கள் கண்ட காட்சியாலேயே காண்கின்றோம். அது திருவருட் காட்சி. நமக்கு எய்துதற்கு அரிது. எனினும் அதனால் ஒன்று தெளிவாம்: தூரங் கடத்தல் காட்சிக்கு உதவுவதேயன்றிக் காட்சி ஆகாது. கடல் கடந்துங் காணாத எம்மினும், கடல் கடவாது தன் அயல்வீட்டானைக் கண்டவன் சிறந்த யாத்திரிகன்.

ஆதலின், மாணவரையும் சக ஆசிரியரையும் அயல்நாட்டுக்கு அழைத்துச் செல்வோர்க்கு மூன்று கடப்பாடுகள் உண்டென்பது எம் துணிபு. புறப்படுமுன், சேறற்குரிய நாட்டின் பண்டை அரசரை மட்டுமன்று, இன்று அங்கு வாழ்வாரையும் அவர் அண்மைக்காலத்துப் பட்ட பாட்டையும் மாணவர்க்கு அறிவித்தல் வேண்டும். அந்நாட்டு மொழியில் வணக்கமும் நன்றியும் சொல்லவேனும் பழக்குதல் வேண்டும். ஆண்டுச் சென்றபின், ‘இதனைக் கட்டியவர் யாவர்’ என்று கேட்குந்தோறும் ‘இதனை இன்று காப்பவர் யாவர்’ என்றுங் கேட்பித்தல் வேண்டும். மீண்ட பின்போ, தம் ஊரைப் பிறர்க்குக் காட்ட நேரும்போது, தமக்குப் புகழ் தருவதோடு நாணந் தருவதையுங் காட்டுதல் வேண்டும். முன்னிரண்டும் எளியன. மூன்றாவது அரிது, முன்னிரண்டும் உண்மையோ என்பதைச் சோதிக்கும் உரைகல் அதுவேயாம்.

சென்ற ஆண்டு மற்றுமொரு குழுவினர் எம் கரைக்கு வந்தனர். அம்முதியவரை யாம் முன்னரே சென்று வேண்டி அழைத்திருந்தோம். மாதோட்டத்தை யாம் காட்டினோம். கடற்கரையில் அவர் பேசினார். தாம் ஏறிச்சென்ற படகு நின்ற இடத்தைக் காட்டினார். தம் தாயார் வீட்டுச் சாவியைப் புத்தளத்தில் இறக்குமளவும் முடிந்து வைத்திருந்ததைச் சொன்னார். வந்தோர் வினா ஒன்றும் எழுப்பாது கேட்டிருந்தனர். யாமும் அவர்களுள் ஒருவனாய் மணலில் இருந்து கேட்டோம். பிறந்து வளர்ந்த ஊரில் எமக்கும் ஒரு வழிகாட்டி வேண்டியிருந்தது. காட்டுவாரைப் பெறுதலும், காட்டியதைத் தள்ளாது காண்டலும், கண்டதை மாணவர்க்கு மறையாது காட்டுதலும் ஆசிரியராகிய நமக்கு வாய்க்கத் திருவருள் முன்னிற்பதாக.